திருநகர் வாசலில் ஒரு பிரேக் வேலை

மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மதுரை திருநகருக்கு வந்தவள் நான். பேச்சு, சாப்பாடு, கோயில் எல்லாம் சீக்கிரமே ஒட்டிக்கொண்டன. வண்டி ஓட்டுவதிலும் சிரமமில்லை. இரண்டு நாட்டிலும் ஸ்டியரிங் வலப்பக்கம், ஓட்டுவது சாலையின் இடப்பக்கம். கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருஷம் ஆன பிறகுதான் விசா இல்லாமல் இங்கே தங்க விடும் ஓசிஐ அட்டைக்கு எழுதிப் போட முடியும் என்பதால் அதுவரை விசாவுக்கு அலைச்சல் இருந்தது. அதுவும் முடிந்தது. பழக நாளானது இன்னொரு விஷயம். இங்கே எந்த வேலைக்கும் ஓர் ஆள் இருக்கிறார். தேங்காய் உரிக்க ஒருவர், துணி தேய்க்க ஒருவர், குழாய் ஒழுகினால் ஒருவர். போன் போட்டால் வந்துவிடுகிறார்கள்.

கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா காரின் அடியில் கிடப்பார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே நான் பாதி மெக்கானிக் ஆனேன். அதனால்தான், எங்கள் பழைய எஸ்-கிராஸ் காரின் பின்சக்கரத்தில் 'கீச்' என்று சத்தம் வந்ததும், நானே பார்த்துவிடுகிறேன் என்றேன். அத்தைக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஏம்மா, அதுக்குன்னு ஒர்க்‌ஷாப் இருக்குல்ல? தெருவுல நாலு பேரு என்ன நெனப்பாங்க? மருமகளக் காருக்கு அடியில படுக்க வச்சுட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. எனக்கோ வேறு கவலை. கோடை விடுமுறையில் கொடைக்கானல் போவதாகப் பேச்சு. வத்தலக்குண்டு தாண்டி மலையேறி இறங்கப்போகும் வண்டி, பின்சீட்டில் அத்தையும் பிள்ளைகளும். அந்த பிரேக்கை என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுரு" என்றார்.

தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணனிடம், பின்பிரேக்கின் பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளும் கருவி கேட்டுப் போனேன். இங்கே பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்துக்கு, சுற்றும் உருளையை உள்ளேயிருந்து பிடிக்கும் டிரம் பிரேக்தான். எங்கள் வண்டி மாதிரி, பிஸ்டன் தள்ள, சுற்றும் தட்டை இருபுறமும் பேட் என்ற கட்டைகள் இறுக்கிப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வைத்தவை குறைவு. ஆனாலும் அவரிடம் அந்தக் கருவி இருந்தது. எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "பாத்தும்மா, முன்சக்கரத்துக்குச் செய்யுற மாதிரி சி-கிளாம்ப்னு இறுக்குற பிடிய வச்சு அமுக்கிறாத. ஹேண்ட் பிரேக் திருகு பிஸ்டனுக்குள்ளயே இருக்கு. திருகித்தான் உள்ள விடணும்" என்றார். வண்டி வேலை இந்த ஊருக்குப் பழைய சொத்து. டி.வி.எஸ் 1911-இல் தொடங்கியது மதுரையில்தான். சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கிறது. பேட் வாங்கப் போன கடையில்கூட வண்டியின் வருஷத்தைக் கேட்டு, பழைய பேட் இருந்தால் காட்டுங்கள் என்றார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

பங்குனி வெயிலுக்கு முன், விடியும்போதே இறங்கினேன். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, ஹேண்ட் பிரேக் இறக்கி, வண்டி கியரில். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டு, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கை வைக்கக் கூடாது. பிஸ்டனை வைத்திருக்கும் கூடான கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் தெரியும். வெளிப்பக்கத்துப் பேடில் இன்னும் சதை இருந்தது. உள்பக்கத்தது தேய்ந்து, இரும்புத் தகடு எட்டிப் பார்த்தது. சத்தம் போட்டது அதன் ஓரத்தில் இருந்த சின்னத் தகடு, தேய்ந்துவிட்டது என்று சொல்லவே வைத்தது.

ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேய்ந்தால் பேடை மாற்றிவிட்டுப் போய்விட முடியாது. கேலிப்பர் வழுக்கி நகர உதவும் 'பின்' என்ற கம்பியை இழுத்துப் பார்த்தேன். கிரீஸ் காய்ந்து, புழுதி ஏறி, இறுகிக் கிடந்தது. துடைத்து, ரப்பர் உறை கிழியவில்லை என்று பார்த்து, பின்னுக்கான சிலிகான் கிரீஸ் தடவியதும் விரலாலேயே வழுக்கி ஓடியது. தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். அது நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் ஹோஸில் பாரம் விழாதபடி கேலிப்பரைக் கம்பியில் கட்டி வைத்தேன்.

அண்ணனின் கருவியைப் பிஸ்டன் முகத்துப் பள்ளங்களில் பொருத்தி, வலப்பக்கமாகத் திருகத் திருக அது மெதுவாக உள்ளே போனது. பேடின் முதுகில் ஒரு சின்ன முளை இருக்கிறது. கடைசியில் பிஸ்டனின் பள்ளம் அந்த முளைக்கு நேராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பேட் சாய்ந்து தேயும். பிஸ்டன் உள்ளே போகப் போக மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். அதை அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். அது சிந்தினால் பெயின்ட் போய்விடும். மறுபக்கத்துக்கும் புது பேடே. ஜோடியாக மாற்றாமல் ஒரு பக்கம் விட்டால் பிரேக் சமமாகப் பிடிக்காது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பேப்பரோடு வந்து நின்றார். இரண்டு பையன்கள் டார்ச் பிடித்தார்கள். அத்தை காபியை வாசலுக்கே கொண்டு வந்து, பார்த்தவர்களிடமெல்லாம், "மலேசியாவுல அவங்கப்பா சொல்லிக் கொடுத்தது" என்றார்.

வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தேன். முதல் மிதியிலேயே பிரேக் பிடிக்காது, யார் செய்தாலும் இதை மறக்கக் கூடாது. பிறகு வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் வேகம் எடுப்பதும் இதமாகக் குறைப்பதுமாகச் சில முறை ஓட்டி, பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியவிட்டேன். சத்தம் போயிற்று.

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். முந்தைய ஓனரின் சர்வீஸ் புத்தகத்தில் அது இல்லை. காற்றிலிருந்து ஈரம் இழுக்கிற ஆயில் அது. பழசானால் மலையிறக்கச் சூட்டில் கொதித்து, பெடல் கீழே போய்விடும். "அதுக்கு ரெண்டு ஆளு வேணும், வீட்டுல வச்சு வேணாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். வரும் புதன்கிழமை அவர் ஷெட்டில், அவர் கீழே, நான் பெடலில்.