ஒரு பேருந்துப் பயணத்திற்குள் முடிந்துபோன தொகுப்பு

இன்று காலைப் பேருந்தில் எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ் குழுவின் 'கிட்டார் ரொமாண்டிக்' தொகுப்பைக் கேட்கத் தொடங்கினேன். இறங்குமிடம் வருவதற்குள் 10 பாடல்களும் முடிந்துவிட்டன.

பழைய வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற கரகரப்பு, அதற்கு நடுவே உடனே முணுமுணுக்க வைக்கும் மெட்டு.

அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த அந்த நான்கு இளைஞர்களின் ஒரே முழுத் தொகுப்பு அது. வெளிவந்த 2003ஆம் ஆண்டிலேயே, ஜூலை 20 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் வேன் கவிழ்ந்து, ஆடம் காக்ஸ், மேட் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜெரமி கேஜ் மூவரும் இறந்தார்கள். மூத்தவருக்கே வயது 23தான்.

கிட்டார் வாசித்த டெர்ரி சிக்ஸ் பிழைத்தார். பிறகு நைஸ் பாய்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்.

மூன்று நண்பர்களைப் பறிகொடுத்தபின் மறுபடி கிட்டாரைத் தொட அந்தக் கை எவ்வளவு தயங்கியிருக்கும் என்று நினைத்தபடியே, முதல் பாடலை மீண்டும் ஓடவிட்டேன்.