ஏழாம் எண் குழாய்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் பருவத்தில் ஆளுக்கொரு ‘அன்னோன்’ கொடுத்தார்கள். குழாயின் மேல் எண் மட்டும் ஒட்டியிருக்கும். உள்ளே எந்தப் பாக்டீரியா என்று ஐந்து நாளில் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது ஏழாம் எண்.

முதல் நாள் மீடியா, அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக்கலவை, தயாரிப்பதிலேயே போனது. நியூட்ரியன்ட் அகார் லிட்டருக்கு 28 கிராம். கொதிக்கவைத்துக் கரைத்து, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம். பிறகு குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறவிட வேண்டும். சூட்டோடு ஊற்றினால் மூடியில் நீர் கோத்து, பாக்டீரியா காலனிகள் (கண்ணுக்குத் தெரியும் திட்டுகள்) மேல் சொட்டி எல்லாவற்றையும் கலந்துவிடும். கலவையை ஜெல்லியாக உறையவைக்கும் அகார் ஆறும்போது 40 டிகிரிக்குப் பக்கத்தில் உறைகிறது, மறுபடி உருக 85க்கு மேல் வேண்டும். 37 டிகிரி இன்குபேட்டரில் அது அசையாமல் நிற்பது அதனால்தான். பாக்டீரியாவியல் முன்னோடி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் முதலில், அந்தச் சூட்டில் உருகிவிடும் ஜெலட்டினோடு போராடினார்கள். 1881இல் அகாரைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபானி ஹெஸ்ஸி, அதைச் சமையலறையில் பழகியவர். பிளேட் ஊற்றும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

பாக்டீரியாவை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கும் கிராம் சாயத்தில் இளஞ்சிவப்புக் குச்சிகள், அதாவது கிராம் நெகட்டிவ். நியூட்ரியன்ட் அகாரிலும் மெக்கான்கி என்ற மீடியாவிலும் ஸ்ட்ரீக் செய்து (கம்பியால் கோடிட்டுத் தடவி) வைத்தேன்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்ததும் கெட்டுப்போன மீன் வாடை அடித்தது. மெக்கான்கியில் அழகாகத் தனித்தனிக் காலனிகள், நிறமே இல்லாமல். அந்த மீடியாவில் லாக்டோஸும் நியூட்ரல் ரெட் என்ற நிறங்காட்டியும் இருக்கின்றன. லாக்டோஸை நொதிக்கவைத்தால் அமிலம் உண்டாகி காலனி இளஞ்சிவப்பாகும். இது ஆகவில்லை. ஆகவே ஈ. கோலை, கிளெப்சியெல்லா இரண்டையும் ஒதுக்கினேன். ஆக்சிடேஸ் என்ற நொதிக்கான சோதனை நெகட்டிவ் என்பதால் சூடோமோனாஸும் போனது. நியூட்ரியன்ட் அகார் பிளேட்டில் காலனியே இல்லை, மெல்லிய படலம் முழுக்கப் பரவியிருந்தது. ஸ்ட்ரீக் சரியாக விழவில்லை என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அடுத்தது டி.எஸ்.ஐ., அதாவது மூன்று சர்க்கரைகளும் இரும்பும் கலந்து குழாயில் சரிவாக உறையவைத்த மீடியா. இதில் குளுக்கோஸ் 0.1 சதவீதம்தான், லாக்டோஸும் சுக்ரோஸும் அதைவிடப் பத்து மடங்கு. குளுக்கோஸை மட்டும் தின்னும் பாக்டீரியா முதலில் குழாய் முழுவதையும் மஞ்சளாக்கும். அது தீர்ந்ததும் மேல்சரிவில் பெப்டோனைச் சிதைக்கத் தொடங்க, அங்கே மட்டும் சிவப்பு திரும்பிவிடும். அதனால் 18 முதல் 24 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். சீக்கிரம் பார்த்தாலும் தப்பு, தாமதித்தாலும் தப்பு. என் குழாயில் சரிவு சிவப்பு, அடியில் மை கொட்டியதுபோல் கறுப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு! லாக்டோஸ் இல்லை, கறுப்பு இருக்கிறது, சால்மோனெல்லாதான் என்று முடிவுகட்டி ரெக்கார்டில் பென்சிலால் எழுதியும்விட்டேன்.

ஆய்வக உதவியாளர் அண்ணா குழாயைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “யூரியேஸ் போட்டியாம்மா?”

யூரியாவை உடைக்கும் நொதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. போடவில்லை. உடனே யூரியா சாய்வில் தடவி வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வெளிர்மஞ்சளாக இருந்த குழாய் அடர் ரோஜா நிறத்தில் நின்றது. யூரியா உடைந்து அமோனியா வெளியானால்தான் அந்த நிறம் வரும். சால்மோனெல்லா யூரியேஸ் நெகட்டிவ்.

அப்புறம்தான் ஒதுக்கிவைத்த பிளேட் நினைவுக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். ஸ்ட்ரீக் தொடங்கிய இடத்திலிருந்து வட்டம் வட்டமாக, குளத்தில் கல் எறிந்த மாதிரி, ஓரம்வரை அலைகள். கை பழுதில்லை, பாக்டீரியாவே ஊர்ந்து பரவியிருக்கிறது. புரோட்டியஸ்! மெக்கான்கியில் பித்த உப்புகள் அந்தப் பரவலைத் தடுத்ததால்தான் அங்கே காலனிகள் தனித்தனியாக நின்றன. முதல் நாளே விடையைச் சொல்லிவிட்ட பிளேட்டை நான் தூக்கி எறிய இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

இன்னும் ஒன்று பாக்கி: எந்தப் புரோட்டியஸ்? இண்டோல் சோதனைக்குக் கோவாக் கரைசலை விட்டேன். சிவப்பு வளையம் வந்தால் வல்காரிஸ். மஞ்சளாகவே நின்றது. டி.எஸ்.ஐ.யில் சரிவு சிவப்பாக இருந்ததும் பொருந்தியது, ஏனென்றால் வல்காரிஸ் சுக்ரோஸை நொதிக்கவைத்துச் சரிவையும் மஞ்சளாக்கியிருக்கும்.

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு ‘புரோட்டியஸ் மிராபிலிஸ்’ என்று மையில் எழுதினேன். பக்கத்திலேயே அந்த நியூட்ரியன்ட் அகார் பிளேட்டை வரைந்தேன், ஒவ்வொரு வளையமாக எண்ணி.