செர்ரிப் பழத்துக்கு நீட்டிய கை

"மாமா, இந்தப் பேபி பெரிசா வளர்ந்து என்னவா வந்தது?"

பதில் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாளே, சொன்னதில் என்ன பிழை என்று மனம் வாதாடுகிறது.

லண்டனில் ஓர் ஓவியக்கூடத்தில் நான் காவலுக்கு நிற்கும் அறையில் இருக்கும் படம் அது. இரண்டாம் ஜார்ஜ் மன்னருக்கு மருந்து கலந்து கொடுத்த டேனியல் கிரஹாமின் நான்கு பிள்ளைகளை 1742இல் ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்தது. கவுன் போட்ட கைக்குழந்தையைப் பெண் என்றே அந்தச் சிறுமி நினைத்திருந்தாள். அந்தக் காலத்தில் சின்னப் பையன்களுக்கும் கவுன்தான், இவன் பெயர் தாமஸ் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "படம் முடியிறதுக்குள்ள செத்துப் போட்டுது அம்மா" என்றும் சொல்லிவிட்டேன்.

"சின்னப் பிள்ளையிட்ட உதெல்லாம் ஏன் அண்ணை சொல்லுறியள்?" என்றாள் தாய். குரலில் கோபமே இல்லை. தள்ளுவண்டியைத் திருப்பினாள். அதற்குள் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

ஹோகார்த் ஒன்றும் மறைக்கவில்லையே! மணிக்கூட்டின் மேல் அரிவாளோடு ஒரு குட்டி உருவம்; அந்த ஊர்ப் படங்களில் அரிவாள் என்றால் சாவு. வலப்பக்கம், நாற்காலி முதுகில் தொற்றிக்கொண்டு கூண்டுக் குருவியை விழுங்குவதுபோலப் பார்க்கும் பூனை. தன் இசைப்பெட்டிக்குத்தான் குருவி பாடுகிறது என்று தாமஸின் அண்ணன் ரிச்சர்ட் சிரிக்கிறான். பூனையை அவன் காணவில்லை. சாவு அந்த அறைக்குள் வந்துவிட்டது என்று படமே சொல்கிறது. கேட்ட பிள்ளைக்குப் பொய் சொல்ல எனக்கு வராது.

ஆனால் தாமஸ் இருக்கும் பக்கத்தை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். மூத்தவள் ஹென்ரியேட்டா கையில் செர்ரி. அதற்குத்தான் அவன் கை நீட்டுகிறான். போய்விட்ட பிள்ளையைப் பழத்துக்கு ஆசைப்படுகிற பிள்ளையாக வைத்துத்தான் ஹோகார்த் தாய்தகப்பனிடம் கொடுத்திருக்கிறார். அரிவாளை எட்டத்தில், தேடுகிறவர் கண்ணுக்கு மட்டும் படுகிற இடத்தில் வைத்தார். நான் அதைத் தேடாத ஒரு பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தாய்க்கு ஏதாவது இழப்பு இருந்திருக்குமோ? தெரியாது. கேட்கவும் முடியாது.

நேற்று இன்னொரு சிறுவன் அதே குழந்தையைக் காட்டி, "இது யார்?" என்றான்.

"தாமஸ்" என்றேன். அவன் அடுத்ததைக் கேட்கும் முன்பு பூனையைக் காட்டினேன்.