கடற்கரைக்குப் போய் வந்தபின் கிளம்பும் தடிப்புகள்: கடித்தது எது?

அந்தமான் போய்விட்டு வீடு திரும்பிய மறுநாளோ மூன்றாம் நாளோ முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் கிளம்பும். கடித்தபோது எதுவுமே தெரிந்திருக்காது. வீட்டில் ஒருவர் இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்பார், இன்னொருவர் உடம்புச் சூடு என்பார், மருந்துக்கடையில் ஒரு டியூபை எடுத்து நீட்டுவார்கள். தடிப்பை மட்டும் பார்த்துக் கடித்தது எது என்று சொல்வது தோல் மருத்துவருக்கே பல நேரம் முடியாத காரியம். கொசு, மணல் ஈ, மூட்டைப்பூச்சி, தெள்ளுப்பூச்சி எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரித் தடிப்பைத்தான் விட்டுப்போகின்றன. துப்பு கிடைப்பது வேறு இடத்தில்: தடிப்பு எப்போது கிளம்பியது, உடம்பில் எங்கே கிளம்பியது. ஆகவே எதையும் பூசுவதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். பயண நாட்களைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இரவு எந்த விடுதி, எந்த மாலை எந்தக் கரை, செருப்பில்லாமல் நடந்தது எங்கே, புல்தரையில் உட்கார்ந்தது எங்கே என்று எல்லாம் அதில் இருக்கட்டும்.

அடுத்து, இது கடிதானா என்று பாருங்கள். ஒவ்வாமையால் எழும்பும் தடிப்பு ஒரே இடத்தில் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காது. பால்பாயின்ட் பேனாவால் நாலைந்து தடிப்புகளைச் சுற்றி வட்டம் போட்டு, மறுநாள் அதே நேரத்துக்குப் பாருங்கள். வட்டத்துக்குள் தோல் பழையபடி ஆகி, வேறு இடத்தில் புதிதாக எழும்பியிருந்தால் ஒவ்வாமை. வட்டத்துக்குள்ளேயே நின்று, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளியும் தெரிந்தால் கடி. இறால் மேல் பழிபோடுவதற்கு முன்னால் இதையும் யோசிக்கலாம்: உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். நாலு நாள் கழித்து, அதுவும் காலில் மட்டும் வராது.

அந்தமானின் ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு), நீல் (இப்போது ஷாஹீத் தீவு) ஆகியவற்றுக்குப் போனவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் மணல் ஈதான். பெயர் ஈ என்றாலும் இது ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு குறுங்கொசு. குலிக்காய்டிஸ் என்ற பேரினமும் அதன் உறவுகளும் இந்தக் கூட்டத்தில் வரும். அலையாத்திக் காட்டுச் சேறு, ஈர மணல், கரையில் ஒதுங்கி அழுகும் பாசி ஆகியவற்றில்தான் இதன் புழு வளர்கிறது. பெண் மட்டுமே கடிக்கும். கொசுவைப்போல ஊசியை இறக்கி உறிஞ்சுவதில்லை. கத்தரிபோன்ற வாயுறுப்பால் தோலைக் கிழித்து, அங்கே ஊறும் இரத்தத்தைக் குடிக்கும். இரத்தம் உறையாமலிருக்க அது விடும் எச்சில்தான் பிறகு நம்மைப் படுத்துகிறது. அந்த எச்சிலிலுள்ள புரதங்களை உடம்பின் எதிர்ப்பாற்றல் அடையாளம் கண்டு கிளர்ந்தெழச் சில மணி நேரமும் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். கடித்த இடம் கடற்கரை, அரிக்கும் இடம் சென்னை என்று ஆவது இதனால்தான். கூட வந்த நாலு பேரில் ஒருவருக்கு நாற்பது தடிப்பும் மற்றவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருப்பதற்கும் காரணம் இதுவே. கடி எல்லோருக்கும் விழுந்திருக்கும், எதிர்ப்பாற்றல் பதில் சொல்லும் விதம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

மணல் ஈக்கடி பெரும்பாலும் கணுக்கால், கெண்டைக்கால், முன்னங்கை, கழுத்து என்று மூடாத தோலில் சிதறிக் கிடக்கும். ஒன்றிரண்டு அல்ல, டஜன் கணக்கில். கொசுக்கடி இரண்டு நாளில் அடங்கும்போது இது ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு அதற்கு மேலும் நமைக்கும். சில கடிகளின் தலையில் நீர்க்கொப்புளம் கட்டும். குழந்தைகளுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. ஊருக்கு வந்தபின் ஒரே ஒரு கொசு புதிதாகக் கடித்தாலும், ஆறிக்கொண்டிருந்த பழைய கடிகள் எல்லாம் சேர்ந்து மறுபடி தடிக்கும். இது புதுத் தொற்று இல்லை.

இணையத்தில் ‘சாண்ட் ஃப்ளை’ (மணல் ஈ) என்று தேடினால் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் நோய் வந்து பயமுறுத்தும். அந்த நோயைப் பரப்புவது ஃபிளபோடோமஸ் என்ற வேறு பூச்சி. மண்சுவர் விரிசலிலும் மாட்டுத்தொழுவத்திலும் வாழ்வது. நம் நாட்டில் அந்த நோய் முக்கியமாக பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் காணப்பட்டது. கடற்கரைக் குறுங்கொசுவுக்கும் அதற்கும் பெயரில்தான் ஒற்றுமை.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலை புதிய கடி ஒன்று தெரிந்தால் கதை மாறுகிறது. மணல் ஈ உங்களோடு விமானம் ஏறி வராது. மூட்டைப்பூச்சி வரும். பெட்டியின் தையலிலும் ஜிப் ஓரத்திலும் ஒளிந்து வரும். தூங்கும்போது போர்வைக்கு வெளியே இருந்த கை, தோள், கழுத்து, முகம் ஆகியவற்றில் மூன்று நான்காக வரிசை கட்டியிருந்தால் சந்தேகத்தை அதன்மேல் வையுங்கள். ஆனால் வரிசை இல்லை என்பதற்காக அதை விட்டுவிடவும் கூடாது. இதன் கடிக்குத் தடிப்பு வர சிலருக்கு 14 நாள் வரைகூட ஆகும். எனவே கடியைப் பார்க்காமல் பூச்சியைத் தேடுங்கள். டார்ச் அடித்து மெத்தையின் நாலு மூலை, ஓரத் தையல், கட்டிலின் தலைமாட்டுப் பலகை, திருகாணி ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். பேனா மையால் குத்தியதுபோன்ற கரும்புள்ளிகள் அதன் எச்சம். ஈரத்துணியால் துடைத்தால் செம்பழுப்பாக இழுபடும். கழற்றிப்போட்ட மெல்லிய தோல்கூடும் கிடைக்கும்.

கிடைத்தால் உடனே கொசு ஸ்பிரேயை எடுத்து அடிக்காதீர்கள். பல மூட்டைப்பூச்சிகளுக்கு அந்த மருந்து இப்போது உறைப்பதில்லை, சிதறி அடுத்த அறைக்குப் போவதுதான் மிச்சம். வெப்பம்தான் நம்பத் தகுந்தது. துவைக்கக்கூடிய எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீர்ச் சுழற்சியில் போடுங்கள். டிரையர் இருந்தால் அதிக சூட்டில் 30 நிமிடம். இல்லையென்றால் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தையல், மடிப்பு, காலர் வழியாக நிதானமாக ஓட்டுங்கள். வெயிலில் காயப்போடுவது மட்டும் போதாது, மேல்துணி சூடாகும்போது பூச்சி உள்மடிப்புக்கு நகர்ந்துவிடும். துவைக்க முடியாத சின்னப் பொருட்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம். பெட்டியை வாக்குவம் பிடித்து, தூசிப்பையை அப்போதே கட்டி வெளியே போடுங்கள். கட்டிலில் பரவிவிட்டது என்றால் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒரு முறை அடித்ததோடு முடியாது. முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும் என்பதால் இரண்டாம் முறையும் அவர்கள் வரவேண்டும்.

கடியே அல்லாத சிலதும் கடிபோல வரும். தடிப்பு நீச்சல் உடைக்கு அடியில் மட்டும், இடுப்புப் பட்டை ஓரத்திலும் அக்குளிலும் நெருக்கமாக வந்தால் பூச்சியைத் தேடவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சொறிமீன் (ஜெல்லிமீன்) குஞ்சுகள் உடைக்குள் சிக்கி, அவற்றின் கொட்டும் செல்கள் வெடித்ததால் வந்திருக்கலாம். உடையோடு நல்ல தண்ணீர் ஷவரில் நிற்பது இதை மோசமாக்கும், நல்ல தண்ணீர் பட்டதும் மிச்சமிருக்கும் செல்களும் வெடிக்கும். உடையைக் கழற்றிவிட்டுத்தான் குளிக்கவேண்டும். அந்த உடையைச் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் அலசாமல் திரும்ப அணிந்தால் மறுபடியும் வரும்.

பாதத்திலோ பின்புறத்திலோ ஒரு கோடு வளைந்து நெளிந்து தினமும் சில மில்லிமீட்டராவது நகர்ந்தால் அது நாய், பூனையின் கொக்கிப்புழு. அவற்றின் கழிவு கலந்த மணலில் வெறுங்காலோடு நடந்தால் அதன் இளம்புழு தோலுக்குள் ஏறும். மனித உடம்பில் அதனால் முழு வளர்ச்சி அடைய முடியாது, மேல்தோலுக்குள்ளேயே வழி தெரியாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். கோட்டின் முனையில் ஐஸ் வைப்பது, ஊசியால் குத்துவது எல்லாம் வீண், புழு அந்த முனையைத் தாண்டி ஏற்கெனவே முன்னால் போயிருக்கும். மருத்துவர் ஐவர்மெக்டின் ஒரே வேளையோ, அல்பெண்டசோல் சில நாட்களுக்கோ தருவார். நன்றாகவே கேட்கும்.

அவசரமாகக் கவனிக்கவேண்டியது உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்). புதரும் புல்லும் உள்ள இடத்தில் ஒரு சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடித்து, பெரும்பாலும் 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாக ஒரே ஒரு புண் பலருக்கு இருக்கும், அதுவும் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்மடிப்பு என்று யாரும் பார்க்காத இடத்தில். தமிழ்நாட்டில் புதிதல்ல, வேலூர்ப் பக்கம் மருத்துவர்களுக்கு நன்கு பழகிய நோய். நேரத்தில் டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், தவறவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே பயணம் முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பு முழுக்கக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், மருத்துவரிடம் போய்வந்த ஊரைச் சொல்லுங்கள். டெங்கு, மலேரியா பரிசோதனையையும் அப்போதே செய்துவிட வேண்டும்.

இனி அரிப்புக்கு. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். காலமைன் லோஷன் லேசான நமைச்சலுக்குப் போதும். அதற்கு மேல் அரித்தால் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைத் தடிப்பின் மேல் மட்டும் மெல்லியதாக, காலையும் இரவும், ஐந்து முதல் ஏழு நாள் தடவுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் வேண்டாம். இரவில் தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று. அது தூக்கம் கொடுக்கும், சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கவேண்டாம்.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் கலவைக் களிம்புகளைப் பற்றிக் கொஞ்சம் உரக்கவே சொல்லவேண்டியிருக்கிறது. குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு, கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஓர் ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரே டியூபில். பூசிய அன்றே அரிப்பு நிற்கும், அதனால்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், வெளுக்கும், முகத்தில் பரு கிளம்பும். அது உண்மையில் படர்தாமரையாக இருந்தால் உருவம் மாறிப் பரவும், பிறகு வந்து பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. டியூபின் பின்புறம் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துவிட்டு வாங்குங்கள். சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய் மூன்றும் கடித்த தோலை மேலும் புண்ணாக்கும்.

சொறிவதுதான் மற்ற எல்லாச் சிக்கலுக்கும் வாசல். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், குழந்தைக்கு இரவில் பருத்தி காலுறையைக் கையில் மாட்டிவிடுங்கள். நம் மாநிறத் தோலில் சொறிந்த ஒவ்வொரு கடியும் கரும்புள்ளியாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கருக்கும், எனவே ஆறியபின் அந்த இடத்துக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனோ முழுநீள உடையோ தேவை. சொறிந்த புண்ணில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் கிருமி ஏறிவிட்டது. சிவப்பு பரவுகிறதா என்று அறிய அதன் விளிம்பில் பேனாவால் கோடு போடுங்கள். கடித்த முதல் நாளே வரும் வீக்கம் அரிக்கும், அது ஒவ்வாமை வீக்கம். இரண்டு மூன்று நாள் கழித்து வலியோடும் சூட்டோடும் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ, சீழ் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் கோடு தாண்டும்வரை காத்திருக்கவேண்டாம். உதடும் நாக்கும் வீங்கினால், மூச்சு இழுத்தால் 108.

அடுத்த பயணத்துக்கு: மணல் ஈக்கு விடியலும் அந்தியும் காற்று நின்ற மேகமூட்டமும் பிடித்த நேரம். மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறப்பதே கடினம், அதனால் காற்றோட்டமான கரையைத் தேர்ந்தெடுங்கள், அறையில் மின்விசிறியை வேகமாக வையுங்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இது நுழைந்துவிடும். துண்டு விரித்து ஈர மணலில் படுப்பதைவிட நாற்காலி மேல். முதலில் சன்ஸ்கிரீன், கால் மணி நேரம் கழித்து 20 முதல் 30% டீட் (DEET) என்ற மருந்து உள்ள பூச்சி விரட்டி, குளித்தெழுந்ததும் திரும்பவும். தேங்காயெண்ணெயைத் தடிமனாகப் பூசினால் குறுங்கொசு அதில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வியர்வையில் சீக்கிரம் வழிந்துவிடும். விடுதியில் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் ஓரத் தையலைப் பார்த்தபிறகு பிரியுங்கள்.