இயற்பியல் படிக்கிற பொண்ணு கணக்கு எடுக்குமா?

பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பஸ் செலவுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அப்பாவிடம் கை நீட்டக் கூச்சமாக இருந்தது. அப்பாவுக்குத் தறி வேலை. ஆர்டர் குறைந்த மாதம் எப்படி இருக்கும் என்று எங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சரி, டியூஷன் எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். படிக்கிற பாடத்தையே எடுத்திருக்கலாம்தான். ஆனால் பத்தாம் வகுப்பு வரை இயற்பியல் என்பது அறிவியல் புத்தகத்தில் சில பாடங்கள், அவ்வளவுதான். அதற்கென்று தனியாக யாரும் பணம் கட்டுவதில்லை. கணக்குக்குக் கட்டுவார்கள், பயத்துக்காகவாவது.

முதலில் ஒரு டியூஷன் சென்டரில் கேட்டுப் பார்த்தேன். "கணக்கு மேஜர்தான் வேணும்மா" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கும் கணிதம் துணைப்பாடமாக இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. அப்புறம் மளிகைக்கடை, மாவு மில், ஜெராக்ஸ் கடை என்று அட்டை எழுதி ஒட்டினேன். மூன்று வாரம் ஒரு போன்கூட வரவில்லை. கடைசியில் ஆள் கொண்டுவந்தது அம்மாதான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னதில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம் பாப்பா, பிசிக்ஸ் படிக்கிற பொண்ணு கணக்கு எடுக்குமா?"

"எடுப்பேனுங்க" என்றேன். மாதம் 600 ரூபாய் என்று சொல்ல வாய் வரவில்லை. "நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பார்த்துக் கொடுத்தது 400. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள், மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். பின்னால் வந்த இன்னொரு வீட்டில் இரண்டு மாதப் பணம் இன்னும் நிற்கிறது. எதிரே பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வது நான்தான், அவர்கள் இல்லை.

அந்தப் பையன் வீட்டில் கொலுசுப் பட்டறை. பத்தாம் வகுப்பு அளவியலில் ஒரு திண்மக் கோளத்தை உருக்கிக் கூம்புகளாக வார்க்கிற கணக்கு வரும். இரண்டின் கன அளவும் சமம் என்று எடுத்துக்கொண்டு போடவேண்டும். எழுதிக் காட்டிவிட்டு நிமிர்ந்தால் அவன் முகம் கோணலாக இருக்கிறது.

"உருக்கினா சேதாரம் போகுமேக்கா?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் உராய்வு இல்லை, காற்றுத்தடை இல்லை என்று வைத்துக்கொண்டுதான் பாதிக் கணக்கு போடுகிறோம். அந்த மாதிரி இங்கே சேதாரம் இல்லை என்று வைத்துக்கொள் என்றேன். "வெச்சுக்கிறேன், ஆனா பட்டறையில யாரும் வெச்சுக்க மாட்டாங்க" என்றான். அவனுக்குக் கணக்கு வராது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். எனக்கு அன்றைக்கே அதில் நம்பிக்கை போய்விட்டது. அவனுக்கு வராதது பின்னம்தான். முதல் இரண்டு வாரம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையே தொடாமல் பின்னம் மட்டும் போட்டோம்.

எனக்கு வராததும் ஒன்று இருந்தது: காம்பஸ். பொதுத்தேர்வு வினாத்தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் படம் வரைவதில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து நான் காம்பஸைக் கையில் எடுத்ததில்லை. வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து காட்டப்போய், கோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டது. "பென்சில் மொட்டையா இருக்கு" என்று சமாளித்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து பதினோரு தடவை வரைந்து பார்த்தேன். ரஃப் படம் போடாமல் நேராக வரையப் போனதுதான் தப்பு.

தொடுகோடு அதோடு விடவில்லை. அழகாபுரத்திலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இங்கிலீஷ் மீடியம். "மிஸ், சர்க்கிளைத் தொடுற கோடும் டேன்ஜென்ட், டிரிக்னாமெட்ரில வர்றதும் டேன்ஜென்ட். ரெண்டும் ஏன் ஒரே பேரு?" என்றாள். நான் தமிழ் வழியில் படித்தவள். எனக்கு அது தொடுகோடு, இது டேன் தீட்டா. இரண்டும் உறவுக்காரர்கள் என்று தோன்றியதே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

மறுநாள் மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் வரைந்தோம். ஆரம் 1 என்று ஒரு வட்டம். ஆரத்தின் நுனியில் செங்குத்தாக ஒரு தொடுகோடு. மையத்திலிருந்து 45 பாகை சாய்வில் இன்னொரு கோடு போய்த் தொடுகோட்டை வெட்டுகிறது. வெட்டிய துண்டின் நீளம் 1. டேன் என்றால் எதிர்ப்பக்கம் வகுத்தல் அடுத்துள்ள பக்கம். அடுத்துள்ள பக்கமே 1 என்பதால், அந்தத் துண்டுதான் டேன். 60 பாகைக்கு 1.73. 80 பாகைக்கு 5.67 வரவேண்டும், மாடியின் கைப்பிடிச்சுவர் தடுத்துவிட்டது. "அப்போ 90க்கு?" என்று கேட்டவள், இரண்டு கோடும் இணையாக நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே, "ஓ, வெட்டவே வெட்டாது" என்றாள். அட்டவணையில் 'வரையறுக்கப்படவில்லை' என்று இருப்பதை ஆறு வருடமாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இயற்பியலில் கணக்கை ஸ்குரூடிரைவர் மாதிரி எடுத்துத் திருகிவிட்டு வைத்துவிடுகிறோம், யார் செய்தது என்று பார்ப்பதில்லை.

எங்கள் துறைப் பழக்கம் காலை வாரியதும் உண்டு. சாய்வு என்றால் என்ன என்று சொல்ல ஏற்காட்டு ரோட்டை எடுத்துக்கொண்டேன். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து மேலே போக ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் என்றே வைத்தால் டேன் தீட்டா 1000 வகுத்தல் 20,000, அதாவது 0.05. கோணம் சராசரியாக மூன்று பாகைகூட இல்லை. குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு போகிற ரோடு மூன்று பாகையா என்று யாரும் நம்பவில்லை. வளைத்து வளைத்து நீளத்தைக் கூட்டித்தான் சாய்வைக் குறைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அப்போது கொலுசுப் பட்டறைக்காரன், "ரோட்டு நீளம் கர்ணம்தானேக்கா? அப்போ சைன்தானே, நீங்க ஏன் டேன் போட்டீங்க?" என்றான். சின்னக் கோணத்தில் இரண்டும் ஒன்றுதான், 2.86, 2.87 என்று வரும் என்றேன். "பரிட்சையில அப்படி எழுதினா மார்க் போடுவாங்களா?" போடமாட்டார்கள். அழித்துவிட்டு சைன் என்று எழுதினேன்.

அரையாண்டில் அவன் 58 வாங்கினான், காலாண்டில் 31. அந்த அம்மா ஒரு தட்டுவடை செட் பொட்டலத்தோடு வந்து, கேட்காமலே 600 கொடுத்தார். "பிளஸ் ஒன்னுக்கும் நீயே எடுத்துடு கண்ணு" என்றார். சரியென்று சொல்லிவிட்டுப் பரணிலிருந்து என் துணைப்பாடக் கணித நோட்டை இறக்கினேன். தொகையிடல் முதல் கணக்கிலேயே, விடையின் கடைசியில் கூட்டவேண்டிய மாறிலியை, அந்தப் பிளஸ் சி-யைக் காணோம். மூன்று பக்கம் புரட்டினேன். எங்குமே இல்லை.