ஃபர்தா: ஷிராஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 12
எக்ஸிட் (நாட்டை விட்டுப் போக அனுமதி) போட ஆபீஸில் கொடுத்த பாஸ்போர்ட் வரவில்லை. "ஃபர்தா" என்றார்கள். நாளைக்காம்.

அக்டோபர் 13
ஃபர்தா.

அக்டோபர் 15
அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். கண் ஆபரேஷன் நான் வந்த பிறகுதானாம். தம்பி கூட இருக்கானே என்றால், "நீ முதல்ல வாடா" என்கிறாள்.

தூக்கம் பிடிக்காமல் பழைய கிரேக்க வரலாற்றாசிரியன் ஹெரோடோட்டஸைப் புரட்டினேன். பாரசீகப் பேரரசன் கூரோஷ் (சைரஸ் என்று சொன்னால் இங்கே முழிக்கிறார்கள்) பாபிலோனை நோக்கிப் படையோடு போகிறான். வழியில் கிந்திஸ் ஆறு அவனுடைய வெள்ளைக் குதிரை ஒன்றை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வந்ததே கோபம்! ஆற்றை 360 வாய்க்காலாக வெட்டிப் பிரித்துவிட்டுத்தான் நகர்ந்தானாம். ஒரு கோடை முழுக்க அதற்கே போயிற்று. எங்கள் ஆபீஸ்காரர்களுக்கும் ஏதோ குதிரை செத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி
கூரோஷின் கல்லறையைப் பார்க்க பசர்கடே போய் வந்தேன். பொட்டல் வெளி, காது அடைக்கும் காற்று, நடுவில் அது. ஆறு படிக்கட்டு மேடை, உச்சியில் கூரை வைத்த சின்னக் கல் வீடு. மொத்தம் 11 மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. கிமு 550இல் மீதியர்கள், பிறகு குரோசஸ் ராஜாவின் லிதியா, 539இல் பாபிலோன் என்று விழுங்கியவனுக்கு, மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள அறை. என் ரூம் பெரிசு.

கயிறு கட்டியிருக்கிறார்கள், தொட முடியாது. ஆனாலும் என் கண் போனது மூட்டுகளுக்குத்தான். சாந்தே கிடையாது. கல்லையும் கல்லையும் இரும்புக் கவ்வி வைத்து, ஈயம் ஊற்றிப் பிடித்திருக்கிறார்கள். அந்த உலோகத்துக்காக எவனெவனோ குடைந்து எடுத்துப் போயிருக்கிறான். உள்ளங்கை அளவுக்குக் குழி குழியாக. கவ்வி போயும் கல் நகரவில்லை.

டிரைவர் தாத்தா சொன்னார்: "என் பாட்டி இதைக் கூரோஷ் கல்லறை என்று சொல்லிக் கேட்டதில்லை, ஆகா மொஹந்தெஸ். மாதர்-இ-சுலைமான்." (இன்ஜினியர் சார் என்பதுதான் ஆகா மொஹந்தெஸ்.) சாலமோனின் தாய். உள்ளே சுவரில் ஒரு மிஹ்ராப்கூட (தொழுகைத் திசை காட்டும் மாடம்) செதுக்கியிருக்கிறதாம். அந்தப் பெயரால்தான் இடிபடாமல் தப்பித்தது என்பது அவர் கட்சி.

திரும்பும்போது அம்மாவைக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை.

அக்டோபர் 19
ஃபர்தா.

அக்டோபர் 21
கூரோஷ் எப்படித்தான் செத்தான்? கிமு 530 என்பதில் தகராறு இல்லை. ஹெரோடோட்டஸ் சொல்வது தோமிரிஸ் கதை. மசகேதியர்கள் என்ற நாடோடிக் கூட்டத்தின் ராணி. அவள் மகனை மதுவைக் காட்டிப் பிடித்தான். பையன் அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டான். அடுத்த போரில் இவன் விழுந்தான். ரத்தம் நிரப்பிய தோல்பையில் அவன் தலையை அமுக்கி, "குடி" என்றாளாம் அந்தத் தாய். இன்னொரு கிரேக்கன் செனோபோன் கணக்கில் படுக்கையில், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு நிம்மதியான சாவு. நம்ப முடியவில்லை. மூன்றாவது கிரேக்கன் தெசியாஸ் சொல்வதுதான் எனக்குச் சிரிப்பு: தெர்பிக்குகள் என்ற கூட்டத்துக்காகச் சண்டை போட வந்த இந்தியன் ஒருவன் எறிந்த ஈட்டி தொடையில் பாய்ந்து, மூன்றாம் நாள் போனானாம்.

டீக்கடையில் டிரைவர் தாத்தாவிடம் சொன்னேன். பல்லில் வைத்த சர்க்கரைக் கட்டி விழுந்துவிட்டது. "அதனால்தான் உன்னை விட மாட்டேன் என்கிறார்கள்!"

அக்டோபர் 24
தோமிரிஸ் தலையை எடுத்துக்கொண்டாள் என்றால் அந்தக் கல் வீட்டில் வைத்தது எதை?

கடையில் கூரோஷ் பாபிலோனைப் பிடித்த பிறகு எழுதவைத்த களிமண் உருளையின் நகல் விற்கிறார்கள். 'உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்' என்று அட்டை வேறு. படித்தால், பாபிலோனின் மர்துக் தெய்வம் என்னைத் தேர்ந்தெடுத்தார், கோயிலைச் சீர்படுத்தினேன் என்று எல்லா ஜெயித்த ராஜாவும் பாடும் பாட்டு. ஆனால் ஒரு வரி: சாமிகளை அவரவர் இடத்துக்கும், ஜனங்களை அவரவர் ஊருக்கும் திருப்பி அனுப்பினேன்.

சாமிகளுக்கே எக்ஸிட் கிடைத்திருக்கிறது.

அக்டோபர் 28
நாளை பசர்கடே பக்கம் தலை வைக்காதே என்கிறார் தாத்தா. இரானியக் காலண்டரில் ஆபான் மாதம் 7, கூரோஷ் பாபிலோனுக்குள் நுழைந்த நாள். 2016இல் பெருங்கூட்டம் கூடி கோஷம் போட்டதிலிருந்து போலீஸ் சாலையை மறிக்கிறதாம்.

அக்டோபர் 29
அம்மா போன் எடுக்கவில்லை. தம்பியும். காலையிலிருந்து ஏழு தடவை.

அக்டோபர் 29, இரவு
கோயிலுக்குப் போயிருந்தார்களாம். போன் வீட்டில். கத்திவிட்டேன். பாவம், "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நவம்பர் 2
ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு போட்டோ கொண்டுபோக வேண்டும். கறுப்புப் பேனா.