பரங்கிமலை முதல் புதுச்சேரி வரை: ஒரு பஞ்சாங்கப் பயணம்

சனிப்பெயர்ச்சி வந்தால் போதும். பழைய மனப்பாட வாக்கியங்களை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு தேதி சொல்லும், வானத்தில் பார்த்துத் திருத்திய கணக்கான திருக்கணிதம் இன்னொரு தேதி சொல்லும். எது சரி என்று வீட்டுக்கு வீடு வாதம் நடக்கும். திருக்கணிதத்தின் பக்கம் தமிழ்நாட்டில் முதலில் நின்றவர்களில் முக்கியமானவர், சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அவர் புழங்கிய இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். போகப் போக அவருக்கு முன்னும் பின்னும் ஒரு கூட்டமே சேர்ந்துகொண்டது.

முதலில் பரங்கிமலை. மின்சார ரயிலில் இறங்கி, படியேறினால் மேலே தேவாலயம். அங்கே வருகிறவர்கள் தோமையாரைக் கும்பிட்டுவிட்டு, விமான நிலையத்தில் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையை நின்று பார்த்தவர்கள் நான் இருந்த நேரத்தில் யாரும் இல்லை. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவைக்கு அவர் 1802 ஏப்ரலில் அடிக்கோடு, அதாவது முக்கோணக் கணக்கெல்லாம் தொடங்குகிற முதல் நேர்கோடு, போட்டது இந்த மலைக்குப் பக்கத்தில்தான். இங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று நோக்கி 7.5 மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை 400 தடவை போல நீட்டி நீட்டி, 57 நாளில் அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, தொட்டிகளை முக்காலிகளின் மேல் ஏற்றி, வெப்பமானி வைத்துக் கணக்குத் திருத்தினார்கள். சித்திரை வெயில் வேறு. தொட்டி தூக்கியவர்கள், முக்காலி நட்டவர்கள், தூரத்துக் குன்றில் கொடி பிடித்து நின்ற கலாசிகள் யாருக்கும் சிலை இல்லை. பின்னாளில் அளவை வடக்கே காடுகளுக்குள் போனபோது காய்ச்சலில் செத்தவர்களில் பெரும்பாலானவர்களும் இவர்களே. அளவை இமயம்வரை போய், 29,002 அடி என்று கணக்கான சிகரத்துக்கு 1856இல் எவரெஸ்ட் என்று பெயர் முன்மொழிந்தார்கள். கணக்குக்குத் தலைமை தாங்கிய வங்காளி ராதாநாத் சிக்தருக்கு 2004இல் ஒரு தபால் தலை கிடைத்தது. சரி, அதாவது கிடைத்ததே.

லாம்டனின் உதவியாளர்களில் ஜான் வாரன் என்று ஒருவர். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், வேலை ஆங்கிலேயர் படையில். லாம்டனின் அளவை வேலையில் பழகி, பிறகு நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைச் சில வருஷம் கவனித்து, கடைசியில் புதுச்சேரியில் 1830இல் இறந்தவர். என் பாதையும் ஏறக்குறைய அதே வரிசைதான். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நுங்கம்பாக்கத்தில் பழைய வானாய்வகம் இருந்த இடம் இப்போது வானிலை மையத்தின் வளாகம். புயல் வந்தால் தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற அதே அலுவலகம். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. உள்ளே 1792இல் நட்ட கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 10 டன் எடை. தொலைநோக்கி ஆடாமல் நிற்பதற்காக வைத்தது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங்கின் பெயரும், தமிழ் உட்படப் பல மொழிகளில் வாசகங்களும் செதுக்கியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித சாஸ்திரங்களைப் பிரிட்டிஷாரின் தாராள மனம் முதன்முதலில் விதைத்த காலம் எது என்று ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பது அன்றைய நோக்கம். ஆரியபட்டர் 499இல் கணித நூல் எழுதிய நாட்டில் உட்கார்ந்து இப்படிச் சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும்.

ரகுநாதாச்சாரி இந்த வளாகத்தில் 1880இல் இறக்கும்வரை வேலை பார்த்தார். 1867 ஜனவரியில், தெற்கு வானத்தின் ரெட்டிகுலம் கூட்டத்தில், மாதக்கணக்கில் மங்கி மறுபடி பிரகாசிக்கிற ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்ட் முழு சூரிய கிரகணத்தின்போது மேலதிகாரி போக்சன் மசூலிப்பட்டினம் போக, வனபர்த்திக்குப் போன குழுவுக்கு இவர் தலைமை. 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் உறுப்பினராக்கியது. எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது 1874. வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போகப்போகிறது என்று, அது என்ன ஏது என்பதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கி, தமிழிலும் வேறு மொழிகளிலும் உரையாடல் வடிவத்தில் சிறுநூல் போட்டார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தில் தெரிவதோடு ஒத்துப்போகவில்லை, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்று தன் ஆட்களிடமே வாதாடியவர் அவர். அப்படித் திருத்திய பஞ்சாங்கமும் வெளியிட்டார். இரவில் தொலைநோக்கியும் பகலில் சித்தாந்தம் என்கிற பழைய வானியல் நூல்களும் ஒரே ஆளின் கையில். தூணின் வாசகத்தில் இப்படி ஒருவருக்கு இடமே கிடையாது.

அதே வளாகத்தில் 1873இலிருந்து போக்சனின் மகள் ஐசிஸ் உதவியாளராகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், மாதம் 150 ரூபாய்க்கு. லண்டன் கழகத்துக்கு 1886இல் அவர் பெயரை முன்மொழிந்தார்கள். பெண் என்பதால் அது நடக்கவில்லை. 1920இல்தான் உறுப்பினரானார். ரகுநாதாச்சாரிக்குத் திறந்த கதவு அவருக்கு அரை நூற்றாண்டு கழித்துத் திறந்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன். அப்புறம் புதுச்சேரி.

இங்கே 1768இல் வந்து இறங்கியவர் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார். அடுத்த கடப்புக்கு, 1769இல், புதுச்சேரியில் கருவியோடு காத்திருந்தால் மேகம் மூடிவிட்டது. ஊருக்குத் திரும்பினால் செத்துவிட்டார் என்று சொத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். பாவம், அவர் கதை எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தமிழ்க் கணக்குமுறையைச் சொல்லிக்கொடுத்தவர்களின் கதை தெரியாது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் பேர்போன, ஜெர்மன் வானியலாளர் மாயரின் சந்திர அட்டவணை 68 விநாடி கூடியது.

இந்த 41 விநாடி நம் ஊரில் அடிக்கடி ஃபார்வர்டு ஆகிற செய்தி. ஆகாத செய்தி ஒன்றும் உண்டு. வாரன் இதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, 1825 மே 31 இரவுக் கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியபடி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துக் கணக்குப் போட்டார். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. எழுத்துக்கு எழுத்து எண். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். அவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, ஞாபகசக்திதான் அபாரம் என்று வாரன் எழுதிவைத்தார்.

41 விநாடியை மட்டும் சொன்னால் நமக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும். 52 நிமிடத்தை மட்டும் சொன்னால் நுங்கம்பாக்கத்துத் தூண் ஜெயித்துவிடும். இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் ரகுநாதாச்சாரி எதை எதிர்த்து வாதாடினார் என்பது புரிகிறது. பல நூறு வருஷம் வாய்வழியாக வந்த கணக்கு, காலப்போக்கில் வானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருந்தது. அதை எறியவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம், பார்த்துத் திருத்துவோம் என்றார். சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு தேதி வருவது இந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை என்பதால்தான்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். ஆயி என்ற தாசியின் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்ட ராஜா கோபத்தில் அதை இடிக்கச் சொல்ல, அவள் அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் பேரில் எழுப்பியது. சோழிக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. வாரன் எழுதிய 'கால சங்கலிதம்' என்ற நூலில் ஒரு பத்தி இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கோடைக்கானல். 1899இல் சென்னையின் வானியல் வேலையெல்லாம் அங்கே மாறியது. நுங்கம்பாக்கத்தில் நேரம் காட்டிய ஷெல்டன் கடிகாரம் அங்கேதான் இருக்கிறது. சீசன் முடிந்து கூட்டம் குறையட்டும், போகிறேன்.